டால்ஸ்டாய் பெருமகனாரும் காலந்தாழ்ந்து சேர்ந்த கடிதமும்

ருஷ்ய நாட்டிற் பிறந்து உலகம் முழுவதற்கும் உரியராய் வாழ்ந்த லியோ டால்ஸ்டாய் பெருமகனாரின் வரலாற்றை நம் கல்லூரி இதழின் தமிழ்ப் பகுதிக்கு எழுத முற்பட்ட யாம், அன்னாருடைய பெருங்கதைகளை ஆராயப் புகுந்தோமல்லோம். அவற்றை ஆங்கில வகுப்பிற் பயிலும் மாணாக்கர் எம்மினும் நன்கறிவர். அவர் தமது முதுமையில், தம் தாய்மொழியாகிய ருஷ்யத்தில் எழுதி, வேறொருவர் ஆங்கிலமாக்க, தென்னாப்பிரிக்காவிலே சிறைக்கோட்டம் புகுந்துகொண்டிருந்த நம்மவரை நோக்கிச் சென்ற இரண்டு கடிதங்களே எம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தன. அவற்றுள் ஒன்று மிகச் சிறியது; நண்பர் நண்பருக்கு எழுதுவது போன்ற எளிய நடையினது. மற்றொன்று சற்று நீண்டது. சேரவேண்டிய காலத்திற் சேராதது. அவ்விரண்டும் மொழி மாறிய வகையைச் சொல்லுதற்கு வேண்டிய அளவே அவர் வாழ்க்கையை ஈண்டுக் கூறுவோம்.

டால்ஸ்டாய் 1828-ஆம் ஆண்டு, தூலா மாகாணத்தைச் சேர்ந்த யாஸ்னயா போல்யானா என்னும் தம் குடும்பப் பண்ணையிற் பிறந்தார். பிரபுக் குடும்பம், பரந்த நிலம், அந்நிலத்தோடு கட்டுண்டு கிடந்த குடியானவர் பலர். தாயை இரண்டாம் வயதிலும் தந்தையை ஒன்பதாம் வயதிலும் இழந்த சிறுவரை உறவினரே வளர்த்தனர். 1844-இல் கஸான் சர்வகலாசாலையிற் சேர்ந்து, கீழ்நாட்டு மொழிப் பிரிவில் அரபியும் துருக்கியும் பயிலத் தொடங்கினார். அதிலே தேறாமல் சட்டப் பிரிவிற்கு மாறினார். அதையும் முடியாமலே 1847-இல் வீடு திரும்பினார். பிற்காலத்தில் உலகத்துச் சமயநூல்களையெல்லாம் தேடித் தேடிக் கற்ற இப்பெரியார் பரீட்சையில் தவறியவர் என்பது, நம் மாணாக்கருட் சிலர்க்கு ஆறுதலாகலாம். ஆயினும் அவர் ஏனைய எல்லாவற்றையும் பின்னர் விடாது கற்றார் என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம்.

இருபத்து மூன்றாம் வயதில் தமையனாரோடு காக்கஸஸ் மலைநாட்டிற்குச் சென்றவர், 1852-இல் பீரங்கிப் படையிலே சேர்ந்தார். அங்கே அவர் பெற்ற முதற்பதவியின் பெயரைச் சிவகாசி வட்டாரத்தார் கேட்டால் வியப்பர். ருஷ்யர் அதனை ஃபெயர்வெர்க்கர் என்பர். அச்சொல் ஜெர்மன் மொழியிலிருந்து ருஷ்யத்திற் புகுந்தது. ஜெர்மன் மொழியில் அதன் நேர்ப்பொருள் வாண வேடிக்கை செய்பவர் என்பதே. படையிலோ அது பீரங்கிக் குழுவிற் கீழ்நிலைத் தலைவர் ஒருவரைக் குறிப்பது. அகராதியை மட்டும் கையிற் கொண்டு மொழிபெயர்ப்பவர் ஒருவர், டால்ஸ்டாய் தம் இளமையில் மத்தாப்பும் வாணமும் செய்து பிழைத்தார் என்று எழுதிவிட்டால், திருத்தங்கலுக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள நம் வெடித்தொழிலாளர் அவரைத் தம்மவர் எனக் கொண்டாடுவர். ஆனால் வரலாறு பிழைபட்டுவிடும். சொல் சரி, பொருள் தவறு என்னும் நிலை மொழிபெயர்ப்பில் எத்துணை எளிதில் நேரும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டவில்லை.

கருமருந்தின் மணம் அவருக்கு வெடி விளையாட்டின் மணமாக அமையவில்லை. 1854-55-இல் கிரிமியாப் போரில் முற்றுகையிடப்பட்டிருந்த செவஸ்தபோல் நகரத்தில், ஒரு பீரங்கி மேடையில் நின்று பணியாற்றினார். கைகால் இழந்தோர் கிடந்த மருத்துவக் கூடங்களைக் கண்டார். அங்கிருந்தே எழுதிய செவஸ்தபோல் சித்திரங்கள் அவர்க்குப் பெரும்புகழ் தேடித் தந்தன. போரை உள்ளிருந்து கண்டவர் ஒருவர் பின்னாளில் கொலை மறுத்தலை வாழ்க்கைக் கொள்கையாகக் கொண்டார் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. கடைசிக் கடிதத்திற் கூறப்படும் ஒரு சிறுமியின் விடையை அவர் ஏன் அத்துணை போற்றினார் என்பது அப்போது விளங்கும்.

1869-இல் முற்றுப்பெற்ற போரும் அமைதியும், 1877 வரை வெளிவந்த அன்னா கரினீனா ஆகிய இரு பெருநூல்களைப் பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அவருடைய கிறுக்கெழுத்தைப் படித்து, முன்னதன் கையெழுத்துப் படிகளைப் பன்முறை பெயர்த்தெழுதியவர் அவர் மனைவியார் ஸோஃபியா அம்மையார் என்பதை மட்டும் குறித்துச் செல்கிறோம். குடியானவர் பிள்ளைகளுக்குத் தம் பண்ணையிலே பள்ளி வைத்துத் தாமே கற்பித்தார். நாற்பத்திரண்டாம் வயதிற் கிரேக்க மொழியைக் கற்கத் தொடங்கிச் சில திங்களில் அதனைப் படிக்கும் ஆற்றல் பெற்றார். ஐம்பதாம் வயதை ஒட்டி வாழ்க்கையின் பொருள் யாது என்னும் வினா அவரை வாட்டத் தொடங்கிற்று. கிரேக்க மூலத்தைக் கையிற் கொண்டு நான்கு சுவிசேஷங்களையும் ஒருங்கிணைத்துத் தாமே ருஷ்யத்தில் மொழிபெயர்த்தார். மலைப்பிரசங்கத்திலே தீமையை எதிர்த்து நில்லாதே என்ற கருத்தில் வரும் கட்டளை அவர்க்கு எல்லாவற்றையும் திறக்கும் திறவுகோலாயிற்று. தீமையை ஏற்றுக்கொள் என்பதன்று அதன் பொருள். தீமையை வன்முறையால் எதிர்க்காதே என்பதே பொருள் என அவர் கொண்டார். இக்கருத்தை ருஷ்யர் நெப்ரொதிவ்லேனியே என்னும் ஒரே சொல்லால் வழங்குவர். எதிர்த்து நில்லாமை எனலாம். இச்சொல்லிடத்திற்கு மீண்டும் வருவோம்.

அரசையும் படையையும் அவற்றிற்குத் துணைநின்ற திருச்சபை ஆட்சியையும் கண்டித்து அவர் எழுதிய நூல்கள் ருஷ்யாவிலே தடுக்கப்பட்டன; 1901-இல் அந்நாட்டுத் திருச்சபை அவரைத் தன் உறவினின்றும் விலக்கிற்று. தடுக்கப்பட்ட நூல்கள் மொழிபெயர்ப்புகளாய் வெளிநாடுகளில் உலவின. கடவுளின் இராச்சியம் உங்களுக்குள் இருக்கிறது என்னும் பெயரிய நூலை 1894-இல் கான்ஸ்டன்ஸ் கார்னெட் அம்மையார் ஆங்கிலமாக்கினார். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இளம் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகள் அந்நூலைப் படித்து உள்ளம் உருகினார். காந்தியடிகள் ருஷ்யம் அறியார். அவர் அறிந்த டால்ஸ்டாய் முழுவதும் பிறர் மொழிபெயர்த்த டால்ஸ்டாயே.

இனிக் கடிதங்களுக்கு வருவோம். 1908-இல், வட அமெரிக்காவிலிருந்து சுதந்திர இந்துஸ்தானம் என்னும் பெயரால் ஆங்கிலப் பத்திரிகை நடத்திய தாரகநாத தாஸர் என்னும் வங்காளர், இந்தியாவின் விடுதலைக்குத் துணைநிற்குமாறு டால்ஸ்டாய்க்கு எழுதினார். அதற்கு விடையாக அவர் பல மாதம் எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, அவ்வாண்டு டிசம்பரில் முடித்ததே இந்து ஒருவருக்குக் கடிதம் என வழங்குவது. கடிதம் என்பது பெயரளவே; உண்மையில் அஃது ஒரு நூல். வன்முறையால் விடுதலை வாராது, அன்பினாலேயே வரும் என்பது அதன் சாரம். அதனுள்ளே, தமிழராகிய நாம் எழுந்து நின்று நோக்கத்தக்க செய்தியொன்றுண்டு. தம் கருத்திற்குச் சான்றாக டால்ஸ்டாய் நம் திருக்குறளை எடுத்தாண்டார். இன்னா செய்யாமை என்னும் அதிகாரத்துக் குறட்பாக்கள் அங்கே குறள் என்னும் பெயரோடே காணப்படுகின்றன. அதற்கு முன்னரே வீரமாமுனிவர் இலத்தீனிலும், கிரௌல் ஐயர் 1856-இல் ஜெர்மன் மொழியிலும், போப் ஐயர் 1886-இல் ஆங்கிலத்திலும் குறளை ஐரோப்பியர்க்கு அளித்திருந்தனர். ஆக, வள்ளுவர் வாய்மொழி ஐரோப்பா சென்று ருஷ்யமாகி, ருஷ்யக் கடிதம் ஆங்கிலமானபோது தானும் மீண்டும் ஆங்கிலமாகி, பின்னர்க் காந்தியடிகள் கையிற் குஜராத்தியுமாயிற்று. இத்தனை வீடு மாறியும் அதன் உயிர் போகவில்லை. இன்னா செய்தார்க்கும் இன்னா செய்யாமை வேண்டும் என்னும் கருத்து, எந்த மொழியின் உடையை உடுத்தாலும் அடையாளம் தெரிகின்றது.

1909-இல் காந்தியடிகள் டிரான்ஸ்வால் இந்தியரின் குறைகளை முறையிட இலண்டனுக்குச் சென்றிருந்தார். ஆசியர் அனைவரும் கைவிரற்பதிவு தந்து பதிவுச்சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து மூன்றாண்டுகளாக நடந்த போராட்டம் அது. இலண்டனில் அவர் கைக்கு இந்து ஒருவருக்குக் கடிதத்தின் ஆங்கிலப் படியொன்று கிட்டிற்று. அஃது உண்மையில் டால்ஸ்டாய் எழுதியதுதானா என்று உறுதிசெய்யவும், அச்சிட்டுப் பரப்ப இசைவு பெறவும் விரும்பி, அக்டோபர் 1-ஆம் நாள் அவருக்கு எழுதினார். டிரான்ஸ்வாலில் ஏறத்தாழப் பதின்மூவாயிரம் இந்தியர் இருந்தனர் என்றும், அவருட் பாதியளவினர் துன்பம் தாங்காது அந்நாட்டை விட்டகன்றனர் என்றும், எஞ்சியவருள் ஏறக்குறைய 2,500 பேர் மனச்சாட்சியை முன்னிட்டுச் சிறை சென்றனர் என்றும் அதிற் குறித்தார். சிறை சென்றோரிலே தமிழர் முன்வரிசையில் நின்றனர் என்பதைக் காந்தியடிகள் பலகாலும் எழுதியுள்ளார். தம்பி நாயுடு அவர்கள் போன்ற தலைவர்களும், தெருத்தெருவாய்க் காய்கறி விற்ற எளியவர்களும் அவ்வரிசையில் இருந்தனர். சாமி நாகப்பன் என்னும் இளைஞர் சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாளில், 1909 ஜூலை 6-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அக்டோபரிலேயே டால்ஸ்டாய் விடை எழுதினார். வயது எண்பத்தொன்று. டிரான்ஸ்வால் இந்தியர் ஒருவரிடமிருந்து இனிய கடிதம் வந்தது எனத் தம் நாட்குறிப்பிலும் குறித்துக்கொண்டார். ஆங்கிலம் நன்கறிந்தவரேயாயினும் ருஷ்யத்திலேயே எழுதினார். அதனை ஆங்கிலமாக்கியவர் அவருடைய மூத்த மகளார் தத்தியானா அம்மையார். அந்த ஆங்கிலப் படியே காந்தியடிகளிடம் சென்றது.

சிறு கடிதம்தானே, மொழிபெயர்ப்பது எளிது என்று எண்ணுவாருளர். யாம் அங்ஙனம் எண்ணவில்லை. விருதுநகர் மண்டிக்காரர் ஒருவர் தம் மருமகனுக்கு எழுதும் நாலுவரிக் கடிதத்தைப் பாருங்கள். நலம், நலமறிய அவா என்று தொடங்கும். மற்றவை நேரில் என்று முடியும். இடையே, சரக்கு வந்தது, கணக்கைப் பார்த்துக்கொள் என்றிருக்கும். இதனை ஆங்கிலமாக்குக. சொற்கள் யாவும் அகராதியில் உள. ஆனால் மற்றவை நேரில் என்பதிலுள்ள உறவு எந்த அகராதியிலும் இல்லை. போய் வருகிறேன் என்று விடைபெறும் தமிழனை, போகிறேன் பின்பு வருகிறேன் என்று ஆங்கிலமாக்கினால் கேட்பவர் அவன் எப்பொழுது திரும்புவான் என்று கடிகாரத்தைப் பார்ப்பார். நீண்ட நூலில் ஓரிடத்திற் கெட்ட பொருளை மற்றோரிடம் காப்பாற்றும்; சிறு கடிதத்தில் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

டால்ஸ்டாயின் விடையில் முதலிலேயே அத்தகைய ஓரிடம் வருகின்றது. டிரான்ஸ்வாலிலுள்ள அருமைச் சகோதரர்க்கும் உடனுழைப்போர்க்கும் கடவுள் துணைசெய்க என்னும் வாழ்த்து அது. அவர் ஆண்ட ருஷ்யத் தொடர், வயலில் உழுதுகொண்டிருப்பவனைக் கண்டு வழியே செல்லும் குடியானவன் சொல்லும் வழக்கமான முகமன். உழைப்பவனைக் கண்டால் அதனைச் சொல்லாமற் செல்வது மரியாதையன்று. மகளார் அதனை உள்ளவாறே ஆங்கிலமாக்கினார். சொல்லுக்குச் சொல் பொருந்திற்று. ஆனால் ஆங்கிலத்தில் அத்தொடர், ஐயோ பாவம், இனி இவரைக் கடவுள்தான் காக்கவேண்டும் என்னும் இரக்கத்தையும் குறிக்கும். தந்தையார் சொன்னதோ இரக்கமன்று. உழுபவனுக்கு உழுபவன் சொல்லும் வாழ்த்து. தாமே ஏர் பிடித்து உழுத பிரபு அவர் என்பதை அறிந்தவர்க்கே அதன் சுவை தெரியும். உடனுழைப்போர் என்னும் சொல் பக்கத்தில் நிற்பதால் அப்பொருள் ஓரளவு தப்பிப் பிழைத்தது என்போம்.

அடுத்து, மென்மைக்கும் வன்மைக்கும் நடக்கும் போராட்டம், பணிவும் அன்பும் செருக்கையும் வன்முறையையும் எதிர்க்கும் போராட்டம், ருஷ்யாவிலும் ஆண்டுதோறும் வலுத்து வருகிறது என்றும், படைச்சேவையை மறுப்போரிடத்து அது நன்கு புலப்படுகிறது என்றும் எழுதினார். இங்கே அவர் ஆண்டவை, தொட்டுப் பார்த்து அறியும் மென்மையையும் கடினத்தையும் குறிக்கும் மிக எளிய சொற்கள். மகளார் ஆங்கிலத்தில், மனத்தின் கனிவையும் கடுமையையும் குறிக்கும் சொற்களைத் தேர்ந்தார். பிழையென யாம் கூறோம். ஆயினும் மூலத்திலிருந்த மண்வாசனை சிறிது குறைந்தது. தமிழிலோ இத்துன்பமே இல்லை. மெல்லினம், வல்லினம் என எழுத்துகளையே பிரித்துவைத்த நாம் அவ்விரு ருஷ்யச் சொற்களையும் அப்படியே வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவற்றில் அவர் கடிதம் வெகு சுருக்கம். கடிதம் தாம் எழுதியதே. ஆங்கில மொழிபெயர்ப்பும் நன்றாயுள்ளது. மறுபிறப்பைக் குறிக்கும் சொல்லொன்றை ஓரிடத்தில் நீக்கலாமா என்று காந்தியடிகள் கேட்டிருந்தார். ஆன்மா அழியாது என்பதிலும் கடவுளின் நீதியிலும் அன்பிலும் உள்ள நம்பிக்கை போல மறுபிறப்பு நம்பிக்கை உறுதிப்படாது என்பது தம் எண்ணம், எனினும் நீக்குவதும் வைப்பதும் உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார். இந்திய மொழியில் அதனைப் பெயர்த்துப் பரப்பினால் தமக்கு மகிழ்ச்சியே. அறப்போர் பற்றிப் பரிசு வைத்துக் கட்டுரைப் போட்டி நடத்தலாமா என்னும் வினாவிற்கு மட்டும், சமயக் காரியத்திற் பணப்பரிசு பொருந்தாது எனத் தெளிவாக மறுத்தார். ஆண்டுதோறும் பரிசுக் கட்டுரைகள் எழுதும் எம் மாணாக்கர் இதனைக் கேட்டுப் பேராசிரியர்களிடம் வழக்காடாதிருப்பாராக.

அந்தக் கடிதத்தின் ஊக்கத்தோடு காந்தியடிகள் நவம்பரிற் கப்பலேறினார். கில்டோனன் காஸில் என்னும் அக்கப்பலிலேயே இந்து ஒருவருக்குக் கடிதத்தைக் குஜராத்தியாக்கினார். இந்து சுயராஜ்யம் என்னும் தம் நூலையும் அப்பயணத்திலேயே எழுதி முடித்தார். 1910 மே மாத இறுதியில், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இருபத்தொரு மைல் தொலைவில், லாலி நிலையத்தை அடுத்த 1,100 ஏக்கர் பண்ணையைக் கல்லன்பாக் என்னும் ஜெர்மானிய நண்பர், சிறை சென்றோர் குடும்பங்கள் தங்குவதற்காக அளித்தார். அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டனர். அங்கே தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி ஆகிய நான்கு மொழியும் ஒலித்தன. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகள் தாமே தமிழ் கற்பித்தார். அவர் கற்ற தமிழெல்லாம் போப் ஐயர் எழுதிய கைந்நூலிலிருந்து கற்றதே. நமக்குத் தெற்கே சாயர்புரத்தில் உழைத்த போப் ஐயரின் தமிழ், ருஷ்யப் பெரியார் பெயர் தாங்கிய ஆப்பிரிக்கப் பண்ணையிலே பாடமாயிற்று.

இந்து சுயராஜ்யத்தின் ஆங்கிலப் படியையும், டோக் பாதிரியார் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றையும் காந்தியடிகள் டால்ஸ்டாய்க்கு அனுப்பியிருந்தார். 1910 மே மாதத்தில் வந்த சிறு விடையில், உடல்நலமில்லை, தேறியபின் விரிவாக எழுதுவேன் என்று அவர் சொன்னார். அந்த வாக்கைக் காத்ததே கடைசிக் கடிதம்.

அப்போது அவர் இல்லம் அமைதியிழந்திருந்தது. தம் நூல்களின் உரிமையை உலகிற்கே விட்டுவிட விரும்பிய கணவருக்கும், பிள்ளைகளுக்கு அவ்வுரிமை வேண்டும் என்ற மனைவியாருக்கும் இடையே பிணக்கு முற்றியிருந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல யாம் துணியோம். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்று, எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கிய தாயின் அச்சமும் அச்சமே. அவ்வில்லத்தினின்றும் சின்னாள் விலகி, மகள் தத்தியானாவின் கொச்சட்டி என்னும் ஊரிலே தங்கியிருந்தபோது, ருஷ்ய நாட்காட்டிப்படி செப்டம்பர் 7-ஆம் நாளிட்டுக் காந்தியடிகட்கு அக்கடிதத்தை எழுதினார். நம் நாட்காட்டிப்படி அது செப்டம்பர் 20. அக்காலத்து ருஷ்யா பதின்மூன்று நாள் பிந்தியிருந்தது. தேதியைக் கூட மொழிபெயர்க்க வேண்டியிருந்த நாடு அது.

மரணம் நெருங்குவதை உணருந்தோறும், தமக்குத் தெளிவாய்ப் புலப்படுவதைப் பிறர்க்குச் சொல்லிவிட வேண்டும் என்னும் அவா மிகுகின்றது என்று அக்கடிதம் தொடங்குகின்றது. நடுவிலே ஒரு சிறு நிகழ்ச்சி. மாஸ்கோவில் ஒரு பெண்கள் கல்விக்கூடத்தில் சமயப்பாடப் பரீட்சை நடந்தது. பிஷப் ஒருவர் வந்திருந்தார். கொலை செய்யாதிருப்பாயாக என்னும் கட்டளையைப் பற்றி வினவி, கொலை எப்போதும் விலக்கப்பட்டதா என்று பெண்களைக் கேட்டுவந்தார். கற்பித்தபடியே, எப்போதும் அன்று, போரிலும் மரணதண்டனையிலும் அது தகும் என்று அவர்கள் விடை தந்தனர். ஒரு சிறுமி மட்டும் முகம் சிவந்து, எப்போதும் விலக்கப்பட்டதே என்றாள். பிஷப் வாதங்களை அடுக்கினார். அவள் தன் சொல்லை மாற்றவில்லை. பழைய ஏற்பாட்டிலேயே விலக்கப்பட்டது, கிறிஸ்துவோ பிறர்க்குத் தீமை செய்தலையே விலக்கினார் என்றாள். பிஷப் வாயடைத்தார். செவஸ்தபோலிற் பீரங்கி மேடையில் நின்ற பழைய படைவீரர், சாகுமுன் எழுதிய கடிதத்தில், தாம் சொல்ல வந்த அனைத்தையும் பெயரறியா அச்சிறுமியின் வாயில் வைத்தார்.

கடிதம் ருஷ்யத்தில் இருந்தது. அவருடைய நெருங்கிய அன்பர் செர்த்கோவ் அதனை இங்கிலாந்திலிருந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பி, ஆங்கிலமாக்கித் தென்னாப்பிரிக்காவிற்குச் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொண்டார். அந்நண்பர் அப்போது நோயுற்றிருந்தார். கடிதம் அவரிடமே தங்கிற்று. நவம்பர் 1-ஆம் நாள்தான் தபாலிற் சேர்ந்தது. ஏறத்தாழ ஆறு வாரம். அந்த ஆறு வாரத்திலும் அதனையடுத்தும் நிகழ்ந்தவற்றை எண்ணினால் நெஞ்சு கனக்கின்றது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பிவந்த நாராயணசாமி என்னும் தமிழ் இளைஞர், துறைமுகந்தோறும் இறங்கவிடாது அலைக்கழிக்கப்பட்டு, அக்டோபர் 16-ஆம் நாள் டெலகோவாக் குடாவில் உயிர் துறந்தார். நவம்பர் 10-ஆம் நாள் இரவில் டால்ஸ்டாய் ஒருவரும் அறியாமல் வீட்டை விட்டு வெளியேறினார். வழியிலே நுரையீரற் காய்ச்சல் கண்டு, அஸ்தபோவோ என்னும் சிற்றூர் ரெயில் நிலையத்தில், நிலைய அதிகாரியின் வீட்டிற் படுத்தவர், நவம்பர் 20-ஆம் நாள் காலமானார். அதன்பின் சில நாள் கழித்தே அக்கடிதம் டிரான்ஸ்வாலை அடைந்தது. நவம்பர் 26-ஆம் நாளைய இந்தியன் ஒப்பீனியன் இதழ் அதனை வெளியிட்டது. படித்தவர்க்கு அஃது உயிருள்ள நண்பரின் மடலாகத் தோன்றியிராது. இறந்தவர் விட்டுச்சென்ற சாசனமாகவே தோன்றியிருக்கும்.

அந்த ஆங்கிலத்தில் இரண்டு இடங்களை ஆராயவேண்டும். முன்னர்க் கூறிய நெப்ரொதிவ்லேனியே என்னும் சொல்லை டால்ஸ்டாய் இதிலும் ஆண்டார்: எதிர்த்து நில்லாமை என வழங்கப்படுவது உண்மையிற் பொய்யுரைகளாற் கெடாத அன்பு நெறியே என்றார். ஆங்கிலமாக்கியவரோ எதிர்த்து நில்லாமை என்னாது, டிரான்ஸ்வாலில் வழங்கிய ஆங்கிலப் பெயராகிய பாஸிவ் ரெஸிஸ்டன்ஸ் என்பதை இட்டார். செயலின்றி எதிர்த்தல் என்பது அதன் பொருள். எதிர்க்காமை எதிர்த்தலாயிற்று! காந்தியடிகளுக்கோ இரண்டும் பிடிக்காதவை. வலியிலார் கையாளும் கருவி என்று பிறர் கொள்வர் எனக் கருதி, அந்த ஆங்கிலப் பெயரை விட்டு, 1908 தொடக்கத்திலேயே சத்தியாக்கிரகம் என்னும் சொல்லைப் படைத்துக்கொண்டவர் அவர். ருஷ்ய மூலத்தை மட்டும் படித்தவன், நாகப்பனும் தம்பி நாயுடுவும் எதிர்க்கவேயில்லை என்று நினைப்பான். ஆங்கிலத்தை மட்டும் படித்தவன், டால்ஸ்டாய் அரசியற் கிளர்ச்சி ஒன்றுக்கு வாழ்த்துக் கூறினார் என்று நினைப்பான். ஆயினும் மொழிபெயர்த்தவரை யாம் குறைகூறோம். கடிதம் யார்க்குச் செல்கிறதோ அவர் தம் போராட்டத்தை எப்பெயரால் அழைத்தாரோ அப்பெயரை இட்டார். பெயர் எதுவாயினும் அதன் உள்ளுறை அன்பே என்று அடுத்த சொற்களே கூறிவிடுவதால் அப்பெயர் பெருந்தீங்கு செய்யவில்லை.

மற்றோரிடம் இன்னும் சுவையானது. உலகின் கடைக்கோடியில் நடப்பதாய் எமக்குத் தோன்றும் உங்கள் டிரான்ஸ்வால் பணியே, இன்று உலகில் நடக்கும் பணிகளுள் நடுநாயகமானது என்பது டால்ஸ்டாயின் கருத்து. கடைக்கோடி ஒருபுறம், நடுவிடம் ஒருபுறம். பேச்சுவாக்கிற் சொன்ன அழகிய முரண். இந்தியன் ஒப்பீனியனில் வந்த ஆங்கிலத்திலோ, உலகின் இந்தக் கோடியிலிருக்கும் எமக்குத் தோன்றுகிறபடி என்று ஆகிவிட்டது. கடைக்கோடி ஆப்பிரிக்காவிலிருந்து ருஷ்யாவிற்கு இடம் மாறிவிட்டது! பின்வந்த வேறோர் ஆங்கிலப் பெயர்ப்பு, உலகின் மையத்திற்கு வெகு தொலைவில் எனத் தோன்றும் உங்கள் பணி என்று அதனை மீண்டும் டிரான்ஸ்வாலிலே வைத்தது. இந்த என்னும் ஒரு சிறு சுட்டு செய்த வேலை இது. இலக்கண வகுப்பிற் சுட்டெழுத்துப் பாடம் சலிப்பூட்டுவதென்று முணுமுணுக்கும் மாணாக்கர் கவனிப்பாராக. சிவகாசி அச்சகங்களில், தாம் அறியாத மொழியின் எழுத்துகளைக் கொண்டு பெட்டிச் சீட்டுகளை ஒழுங்குசெய்யும் தொழிலாளர், ஒரு புள்ளியும் பிறழாமற் பார்த்துப் பார்த்து வைப்பதை நாம் அறிவோம். மொழியறிந்த பெரியோர்க்கும் அந்த அச்சம் வேண்டும்.

தத்தியானா அம்மையார் 1925-இல் ருஷ்யாவை விட்டு வெளியேறி, 1950-இல் ரோமாபுரியிற் காலமானார். டால்ஸ்டாய் பண்ணை 1913 வரை நடந்தது. கடிதம் வெளிவந்த இந்தியன் ஒப்பீனியன் 1903-இற் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழியிலும் வந்த இதழ். அதன் தமிழ்ப் பகுதி 1906-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே 1910 நவம்பரில், சிறையினின்று மீண்டு பண்ணையிற் செருப்புத் தைத்தும் மரம் வெட்டியும் வாழ்ந்த தமிழருள் ஆங்கிலம் அறியாதோர்க்கு அக்கடிதம் அச்சிற் கிட்டியிராது. ஆங்கிலம் அறிந்த ஒருவர் இதழைக் கையிற் பிடித்துக்கொண்டு, மாஸ்கோச் சிறுமியின் கதையை வாய்த்தமிழிற் சொல்ல, மற்றவர் சுற்றியமர்ந்து கேட்டிருத்தல் வேண்டும். அவர் எச்சொல்லுக்கு எச்சொல் இட்டார் என்பதை அறிய எமக்குப் பேரவா உண்டு.